கூலியாக அளந்த நஞ்சு

இளங்கலைத் தேர்வில் லத்திரிசம் பற்றி ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றால் வரும் முடக்குநோய் அது. நஞ்சின் பெயர், நரம்பு பாதிப்பு எல்லாம் எழுதிவிட்டு, "இந்தப் பருப்பைப் பண்ணையார்கள் கொத்தடிமைகளுக்குக் கூலியாக அளந்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். விடைத்தாளில் அந்த வரியை மட்டும் சுழித்து, 'தேவையற்றது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

எது தேவையற்றது? மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் இந்நோயால் முடங்கியவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். வறட்சியிலும் விளையும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் மலிவான பயிர் கேசரி. (நாம் கிண்டித் தின்னும் கேசரி அல்ல. துவரம்பருப்பில் கலப்படம் செய்யப்படும் பருப்பு.) நல்ல தானியம் பண்ணையாரின் குதிருக்குப் போனது. வேலை செய்தவருக்கு இது கிடைத்தது. நேற்றுவரை ஏர் பிடித்த இளைஞனின் கால்கள் விறைத்து, நுனிவிரலில் நடந்து, ஒரு கோல், இரண்டு கோல் என்று போய், கடைசியில் தவழ்ந்தான். முடங்கிய கால் மீளாது. அந்தக் கொத்தடிமைகள் தலித்துகளும் பழங்குடிகளும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த நோயை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குன்னூரிலிருந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தை வழிநடத்தினார். அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். நூறு வயதில், 2019இல் மறைந்தார். சோளம் தின்னும் ஏழைகளுக்கு ஏன் பெல்லாக்ரா வருகிறது என்பதும் அவருடைய ஆய்வுதான்.

கேசரியின் நஞ்சை 1964இல் இந்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும் என்று கோபாலனின் குழு காட்டியது. எளிய, நல்ல அறிவியல். ஆனால் அந்த வெந்நீருக்கு விறகு வேண்டும், கொட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும். ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாதவள், நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வந்து, குடம் குடமாக எங்கிருந்து கொண்டுவருவாள்? ஆய்வகம் கேசரியிலிருந்து நஞ்சைப் பிரித்தது. கூலியிலிருந்து கேசரியைப் பிரிக்க ஆய்வகத்தால் முடியாது.

கோபாலனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால், அவர் மீது எனக்கு மரியாதை வந்ததே பிற்பாடு அவர் போட்ட ஒரு சண்டையால்தான். 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழைக் குழந்தைகள் பலர் குள்ளமாக இருந்தாலும் நலமாகவே இருக்கிறார்கள், உடல் தகவமைத்துக்கொண்டது என்றார். ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதியான கோட்பாடு! அளவுகோலைத் தாழ்த்தினால் பசித்தவர் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். ஏழைக்கு ஓர் அளவுகோல், பணக்காரனுக்கு வேறொன்றா என்று கோபாலன் எதிர்த்து நின்றார். குள்ளம் என்பது வறுமை உடலில் எழுதிய கணக்கு, அதை நலம் என்று பெயர்மாற்றக் கூடாது என்பதே அவர் வாதம்.

நான் இன்னும் ஒரு அடி வைக்கச் சொல்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இது 40ஐ ஒட்டி நிற்கிறது. பட்டியலிலோ பிற்படுத்தப்பட்டோரிலோ சேராத 'மற்றவர்'களிடம் 30 அளவில்தான். வறுமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இடைவெளியை அடக்கிவிட முடியுமா?

உணவு அறிவியலும் நஞ்சியலும் படிக்கும் தம்பி தங்கைகளே, களஆய்வுக்குப் போகும்போது உங்கள் படிவத்தைப் பாருங்கள். சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும், சடங்குக்கு நிரப்புவோம். கூலி பணமா தானியமா, எந்தத் தானியம், யார் அளந்தது, தண்ணீர் எந்தக் கிணறு என்று கேட்கக் கட்டங்கள் இருக்காது. நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வாருங்கள், என் விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.