1855-ன் விலைப்பட்டியல் இன்னும் வேதமா?

பிரான்ஸின் போர்தோ ஒயின்களைப் பற்றி யார் எழுதினாலும் 1855-ம் வருடத்துத் தரவரிசை என்றதும் கைகூப்பி விடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

அது பிறந்த கதையைப் பாருங்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, போர்தோ ஒயின் தரகர்களிடம் ஒரு பட்டியல் கேட்டார்கள். அதற்கென்று யாரும் உட்கார்ந்து சுவைத்துப் பார்க்கவில்லை. எந்தப் பண்ணையின் ஒயின் பல காலமாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளில் அடுக்கினார்கள். முதல் படியில் நாலே பேர்: லஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மூட்டோன் பண்ணைக்கு இரண்டாம் படியில் முதல் இடம்.

மூட்டோனை 1853-ல் வாங்கியவர் நத்தானியேல் ரோத்ஷில்ட். அவருடைய கொள்ளுப்பேரன் பிலிப் 1922-ல், 20 வயதில் பொறுப்பேற்றார். அதுவரை ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளுக்கு விற்பதும், அவர்கள் பாட்டிலில் அடைப்பதும்தான் வழக்கம். பிலிப் 1924 விளைச்சலிலிருந்து பண்ணையிலேயே அடைத்தார். நடுவில் கலப்படம் செய்ய வழியில்லாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் போராடி 1973-ல் முதல் படி ஏறினார். ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய விவசாய அமைச்சர் ழாக் சிராக். அந்த வருட லேபிளில் பிக்காஸோவின் ஓவியம்!

நீதி வென்றது என்று இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: ரோத்ஷில்ட் என்ற பெயரும் பணமும் செல்வாக்கும் இருந்தும் ஒரு படி ஏற 118 வருடம் ஆயிற்று என்றால், மற்றவர்களுக்கு ஏது வழி? இன்றுவரை படி ஏறிய பண்ணை மூட்டோன் ஒன்றுதான். ஐந்தாம் படியில் இருக்கும் லின்ச்-பாஜ், இரண்டாம் படிப் பண்ணைகள் சிலவற்றைவிட அதிக விலைக்கு விற்கிறது. விலையை வைத்துப் போட்ட பட்டியல் விலைக் கணக்கிலேயே இன்று தவறு!

இன்னொரு விநோதம், இந்தத் தகுதி நிலத்துக்கு அல்ல, பண்ணையின் பெயருக்கு. 1855-க்குப் பிறகு எத்தனையோ தோட்டங்கள் கைமாறிவிட்டன. பெயர் மட்டும் அதே படியில் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் சீனியாரிட்டி லிஸ்ட்டைக்கூட அவ்வப்போது திருத்துவார்களே!

"திருத்தப் போனால் வழக்குதான் வரும், செயின்ட் எமிலியோனைப் பாருங்கள்" என்பார்கள். உண்மைதான். ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒருமுறை தரவரிசையைத் திருத்தும் அந்த ஊரில், 2006-ம் வருடத் திருத்தம் நீதிமன்றம் போய் ரத்தானது. அதற்காக, வழக்குக்குப் பயந்து பரீட்சையையே நிறுத்திவிடுவதா? அங்கே தோற்றவன் மறுபடி எழுதலாம். இங்கே கொள்ளுத்தாத்தா வாங்கிய மார்க்கை வைத்துக்கொண்டு கொள்ளுப்பேரன் விலை சொல்கிறான்.

'1855-ல் தரப்படுத்தப்பட்டது' என்று லேபிளில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அதைப் பரீட்சை எழுதிய தேதியாக மட்டும் படித்தால் போதும்.