மூச்சு மிகுந்து உணவு குறைந்தால்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் காலம் நெருங்குகிறது. முன்னெல்லாம் மூட்டை முடிச்சுகளுடன் தாதரில் ரயிலேறிய நம் குடும்பங்களுள் பல, இன்று சொந்தக் காரிலேயே திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் புறப்படுகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், சென்ற ஆண்டு செம்பூரிலிருந்து புறப்பட்ட நண்பர் ஒருவர் மலைப்பாதையோடு திரும்பி வந்த செய்தியை நேயர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நண்பர் வாங்கியிருந்தது பழைய வண்டி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் ‘சூப்பர்சார்ஜர்’ பொருத்தியது. வாங்கிய சில மாதங்களில் வேகம் குறையவே, ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பெருந்தொகை செலவாயிற்று. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் சென்று வருகையில் வண்டி ஒரு குறையும் காட்டவில்லை. கோபோலியைக் கடந்து கண்டாலா ஏற்றத்தில் மிதியை அழுத்தியதும் அது திணறிற்று. உலோகத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ஓசையும் எழுந்தது. ஊரில் குலதெய்வக் கோயில் கொடைக்கு நேரத்தோடு சேர வேண்டுமென்ற அவசரத்தில் நண்பர் மேலும் அழுத்தினார். மேட்டை அடையுமுன் ஒரு பிஸ்டன் உருகிப்போயிற்று. பின்னர் பிரித்துப் பார்த்ததில் தெரிந்த காரணம் யாது? அடைபட்டுப்போன பெட்ரோல் வடிகட்டி! புதிய பம்பைப் பொருத்தியவர்கள் அதைத் தொடவே இல்லை.

சாதாரண எஞ்சின் தானே மூச்சிழுத்துக் கொள்ளும். சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் பெல்ட்டால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும். இந்நாளில் பல சிறு கார்களில் காணப்படும் ‘டர்போ’வும் இதே வேலையைப் புகையின் விசையால் செய்வதே. ஆதலின் நாம் கூறுவது அவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றைப் பாதி கூட்டித் திணித்தால் பெட்ரோலும் அவ்வாறே கூட வேண்டும். முழு விசையில் வெப்பத்தைத் தணிக்க இன்னும் சற்று மிகுதியாகவே வேண்டும். சாதாரண எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தால் பெரும்பாலும் இழுவை குறையும், அல்லது நின்றுவிடும். அழுத்திய காற்றைப் பெறும் எஞ்சினோ பெட்ரோல் குறைந்த நிலையிலும் எரிந்து, வெப்பம் மிகுந்து, கலவை தானே வெடிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தட்டொலி கேட்டவுடன் காலை எடுத்துவிட வேண்டும். இஃதொன்றை நினைவிற் கொண்டாலே போதும், பெருஞ்சேதம் தவிரும்.

நகருக்குள் குறை தோன்றாதது ஏன்? சால்களில் வாழ்ந்தோர் இதை எளிதில் உணர்வர். விடியற்காலையில் எல்லா வீட்டுக் குழாய்களும் திறந்திருக்கும்போது மேல்மாடிக் குழாயில் நீர் சொட்டும். நண்பகலில் அதே குழாயில் நன்றாகக் கொட்டும். எஞ்சினிலும் தேவை மிகும் வேளையில்தான் பற்றாக்குறை வெளிப்படும். மேலும், பல வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுவது காற்று அழுந்தி நிற்கும் குழாய்க்குள்ளே. அங்கே காற்றழுத்தம் அரை பார் ஏறினால், 3 பார் இருந்த பெட்ரோல் அழுத்தமும் 3.5 ஆக உயர வேண்டும். அவ்வாறு உயர்த்தும் ரெகுலேட்டருக்குச் செல்லும் சிறு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் எஞ்சின் பட்டினிதான்.

ஆகவே பழுது பார்க்கையில் மலிவானதிலிருந்து தொடங்குக. முதலில் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பூரை அடுத்த மாஹுலில் 1955 முதல் நடைபெறும் சுத்திகரிப்பு ஆலையை அறியாதார் நம்மில் இல்லை; ஆனால் இன்று பெட்ரோல் தனியே வருவதில்லை. அதில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2025-இல் நாடு எட்டிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலத்தில் தொட்டிக்குள் நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்தே. அன்றியும் இக்கலவைக்கு முன்னினும் கூடுதலான அளவு தேவைப்படுவதால், பழைய வண்டியின் பம்புக்கும் வடிகட்டிக்கும் சுமை மிகும்.

இரண்டாவது வடிகட்டி. மூன்றாவது பம்புக்குச் செல்லும் மின்சாரம். நம் கடற்காற்றில் ரிலேயும் கம்பி முனைகளும் பச்சை பூத்து, 14 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 11 சென்றால் நல்ல பம்பும் சோர்ந்துவிடும். நான்காவது ரெகுலேட்டரும் அதன் குழாயும். இவை அனைத்தும் சரியெனக் கண்ட பின்னரே இன்ஜெக்டரும் பம்பும். ஸ்கேனர் கருவி காட்டும் எண், காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை என்று மட்டுமே சொல்லும். ஏன் இல்லை என்பதைச் சொல்லாது. அழுத்தமானியைப் பொருத்தி, வண்டியைச் சுமையோடு ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். நின்ற இடத்தில் பார்த்த அளவை நம்பற்க.

ஓர் எச்சரிக்கை. நிறுத்திய பின்னும் குழாய்களில் அழுத்தம் தங்கியிருக்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெறித்தால் தீப்பற்றும். நேரடி இன்ஜெக்ஷன் வண்டிகளில் அழுத்தம் 100 பாருக்கும் மேல். எனவே வீட்டு வாசலில் இவ்வேலையைச் செய்யலாகாது. வேலையைப் பயின்றவரிடம் விடுங்கள். எதை எந்த வரிசையில் பார்த்தார் என்று கேட்பது மட்டும் நம் வேலை.

நண்பர் குடும்பம் அவ்வாண்டு கொடைக்குப் போகவில்லை. எஞ்சினைச் சீர்செய்ய ஆன செலவில் பல ஆண்டுகள் ரயிலில் சென்று வந்திருக்கலாம் என்பார் அவர். இவ்வாண்டு புறப்படுவோர், பயணத்துக்கு இரு வாரம் முன்பே வடிகட்டியை மாற்றிவிடுவார்களாக.