பகலிலும் விண்மீன் படிக்கலாம்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த பெண் பிள்ளையிடம் நமது ஊரில் முதலில் கேட்கப்படுவது இதுதான்: "ஏன் மகள், பயோ கிடைக்கல்லியா?" பௌதிகவியல் பிடிக்கும் என்றால் சிரிப்பார்கள். விண்மீன்களைப் பற்றிப் படிக்க ஆசை என்றால் அந்தச் சிரிப்பும் நின்றுவிடும். "நடுச்சாமத்துல குழாயத் தூக்கிக்கிட்டு மொட்டமாடில நிக்கவா படிக்கிறா?" என்று கேட்டார் ஒரு மாமி. அவருக்கான பதில்தான் இது.

விண்மீனைப் படிப்பவர் அதன் ஒளியைப் பிரித்துப் படிக்கிறார். நமது ஆய்வுகூடத்தில் திருசியமானியில் அரியத்தை வைத்துச் சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியைப் பார்க்கிறோமே, அடிப்படையில் அதே வேலை. நாமோ முறிவுச் சுட்டியை எழுதி முடித்ததும் கருவியைத் துணியால் மூடிவிடுகிறோம்.

1868 ஓகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆந்திராவின் குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன், சூரிய விளிம்பில் எழுந்த சுவாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அவ்வாண்டில் அச்சுவாலைகளில் கண்ட மஞ்சட்கோடு சோடியத்தினுடையது அல்ல என்பது பின்னர் தெளிவானது. சோடியக் கோடுகள் 589 நனோமீற்றரை ஒட்டியவை, இதுவோ 587.6. அந்தச் சின்ன விலகலுக்குள் ஈலியம் ஒளிந்திருந்தது! பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 வரை செல்ல வேண்டியிருந்தது.

அச்சுவாலைகள் எழும் மெல்லிய படைதான் நிறமண்டலம். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். சூரியனிலோ நிறமண்டலத்தில் மேலே போகப் போகச் சூடு கூடுகிறது. காந்தப்புலத்துக்கு இதில் பெரும் பங்குண்டு.

தூரத்து விண்மீன்களில் இப்படிக் கிரகணம் பார்க்க முடியாது. அங்கே கல்சியம் கைகொடுக்கிறது. 393.4 நனோமீற்றரில் உள்ள கரிய கல்சியக் கோட்டின் நடுவே ஒரு ஒளிக்கீற்று தெரியும். அது நிறமண்டலத்திலிருந்து வருவது. சென்னையில் பிறந்த வைணு பாப்புவும் அமெரிக்கரான ஒலின் வில்சனும் 1957 இல், அக்கீற்றின் அகலத்திலிருந்தே விண்மீனின் உண்மைப் பிரகாசத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரியும். பாப்பு 1960 இல் தலைமையேற்ற கொடைக்கானல் ஆய்வகம் நமக்குக் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது.

மே மாத இரவில் கல்முனைக் கடற்கரையில் நின்றால் தெற்கே தாழ்வாகத் தெரிவது அல்பா சென்டோரி. அதனருகே புரொக்ஸிமா என்றொரு குளிர்ந்த சிவப்புக் குள்ள விண்மீன் உண்டு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் அதுவே. ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2016 இல் அதைச் சுற்றும் கோள் ஒன்று அறிவிக்கப்பட்டது. அங்கே உயிர் வாழ முடியுமா? அந்தச் சின்ன விண்மீன் அடிக்கடி சீறிப் பாய்கிறது. அதன் சீற்றத்தைக் கல்சியக் கோட்டிலும் 656.3 நனோமீற்றரிலுள்ள ஐதரசன் கோட்டிலும் அளக்கலாம். அந்த ஐதரசன் கோடு நமது இரசாயனவியல் பாடத்தில் வரும் பாமர் தொடரின் முதற்கோடுதான்.

இதற்கு நடுச்சாமம் தேவையில்லை. பெரிய வானாய்வகங்கள் பல தமது பதிவுகளைச் சில காலத்தின் பின் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. கணினியும் பொறுமையும் இருந்தால் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் படிக்கலாம். 1925 இல் சிசிலியா பேய்ன் என்ற இளம்பெண், ஹார்வர்டில் சேர்த்துவைத்திருந்த திருசியத் தட்டுகளை ஆராய்ந்துதான் விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஐதரசன் எனக் கண்டார். பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. அது வேறு கதை.

தொழில் உறுதியில்லை என்று வாப்பாமார் சொல்வதை நான் மறுக்கவில்லை. வைத்தியராக விரும்பும் தோழி வைத்தியராகட்டும். ஆனால் கணிதம் வரும் பிள்ளையை, ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் பயோவுக்கு அனுப்புவது நியாயமா?

அடுத்த பெற்றோர் தினத்துக்கு விஞ்ஞான மன்றம் ஒன்று செய்யலாம். பழைய சீடித் துண்டு, பிஸ்கட் பெட்டி, அதில் பிளேட்டால் ஒரு மெல்லிய கீறல். அதைச் சூரியனுக்கு நேரே பிடிக்கவே கூடாது. மண்டபத்து டியூப் லைட்டை நோக்கிப் பிடித்தால் போதும், பாதரசத்தின் பச்சைக் கோடு தெரியும். உம்மாமாரை முதல் வரிசையில் நிறுத்துவோம். அந்த மாமியையும் கூப்பிடுகிறேன்.