அரை மணி நாடகமும் அரை மனசு ரசிகரும்

நாவல் படிக்கிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் என் வீட்டு அடுப்பு எரியாது என்பது ஒரு காரணம். இந்தக் காலத்திலும் நானூறு பக்கத்துக்குப் பொறுமை வைத்திருக்கிறார்களே என்பது இன்னொரு காரணம். ஆனால் அந்த மரியாதையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று அவர்களிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் அலமாரியில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இருக்கும். 1977-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். 1995-இல் அதே பரிசைப் பெற்ற பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ இருக்கும். 2018-இல் பெற்ற எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ இருக்கும். கொஞ்சம் தேடிப் படிக்கிறவர் என்றால் ந. முத்துசாமியின் சிறுகதைத் தொகுதியான ‘நீர்மை’யும் இருக்கும். நல்லது. இந்த நான்கு பேருமே நாடகமும் எழுதியவர்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘பசி’, பிரபஞ்சனின் ‘முட்டை’, ராமகிருஷ்ணனின் ‘அரவான்’, முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ ஆகிய இவற்றில் ஒன்றாவது அந்த அலமாரியில் இருக்கிறதா? நாவலை எழுதிய அதே கைதான் நாடகத்தையும் எழுதியது. ஒரு கையைக் குலுக்கிவிட்டு மறு கையைத் தட்டிவிடுகிற இந்த மரியாதை எந்த ஊர் வழக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. “நாடகம் பார்ப்பதற்கு உரியதல்லவா? படிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பார்கள். கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் படித்தார்களே, அப்போது ஒவ்வொரு வகுப்பிலும் நடிகர்கள் வந்து வாள் சுழற்றிக் காட்டினார்களா? சரி, படிக்க வேண்டாம், பார்க்கத்தான் போகிறார்களா? அதுவும் இல்லை. போகிறவர்கள் சபா நாடகத்துக்குப் போகிறார்கள். இரண்டு மணி நேரம், நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு, இடைவேளையில் போண்டா. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிரிப்பு உடம்புக்கு நல்லது; போண்டாவைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இருபது நிமிஷத்தில் முடிகிற ஒரு நாடகத்தைச் சொன்னால் உடனே முகத்தில் ஒரு தயவு வந்துவிடுகிறது. ‘பள்ளிக்கூட ஆண்டு விழா சமாசாரம்’ என்கிற தயவு. என் சண்டை அந்தத் தயவோடுதான்.

சில வருஷங்களுக்கு முன் அரக்கோணத்தில் ஒரு மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். மன்றத்தின் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த மன்றத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நிகழ்ச்சி நிரலில் மூன்று குறுநாடகங்கள் இருந்தன. நடித்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். தினமும் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆலையில் கணக்கு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துச் சேர்த்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது நாடகம் ஒரு தாயையும் மகனையும் பற்றியது. மகனுக்கு வேலை போய்விட்டது. அது தாய்க்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரியக் கூடாது என்று அவள் நினைக்கிறாள். சோறு போட்டுக்கொண்டே பேசுகிறாள். பக்கத்து வீட்டுக் கல்யாணம், தண்ணீர்க் குழாய், இப்படி. நாடகத்தின் உயிர் எங்கே இருந்ததென்றால், அவன் கையைத் தட்டில் வைத்தபடி சாப்பிடாமல் இருக்க, அவள் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றியபடி ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்த நேரத்தில் இருந்தது. சபையில் ஒரு குழந்தை கூட அழவில்லை. சரியாக அந்தக் கணத்தில் வாசலில் கார் வந்து நின்றது. விளக்கெல்லாம் எரிந்தது. “ஹலோ, ஹலோ” என்று ஒலிபெருக்கி இருமியது. நம் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்! தாயும் மகனும் தட்டோடு ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, மேடையில் ஏழு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். இருபத்தைந்து நிமிஷம் கழித்து, “நாடகம் விட்ட இடத்திலிருந்து தொடரும்” என்று அறிவித்தார்கள். விட்ட இடம் எங்கே இருக்கிறது, தொடருவதற்கு?

இதே அவமானத்தை ஒரு மூன்று மணி நேர நாடகம் தாங்கிக்கொள்ளும். நடுவில் தூங்கி எழுந்தாலும் கதாநாயகி அதே இடத்தில்தான் அழுதுகொண்டிருப்பாள். தெருக்கூத்தும் அப்படித்தான், விடிய விடிய நடப்பது, பார்க்கிறவனுக்குக் கதை முன்பே தெரியும், குட்டித் தூக்கம் போடுவதற்கும் அதில் இடமுண்டு. குறுநாடகத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதில் ஒரு வார்த்தை போனால் ஒரு தூண் போனது போல. ஆகையால் நீண்ட நாடகத்தைக் காட்டிலும் அதற்கு ரசிகரின் கவனம் அதிகமாக வேண்டும். நாம் குறைவாகக் கொடுத்துவிட்டு, ‘ஒன்றும் இல்லையே’ என்கிறோம்.

விழா முடிந்து வெளியே வந்தபோது, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் இது, நாடகம்னா ஒரு மூணு மணி நேரமாவது வேணாமா? குந்தறதுக்குள்ள முடிஞ்சிபோவுது. குடுத்த காசுக்கு ஒண்ணும் இல்லியே!” என்றார். அன்று அனுமதி இலவசம் என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. “ஐயா, நீங்கள் எத்தனை வருஷம் பச்சைக் கொடி காட்டியிருப்பீர்கள்? இந்த ஜங்ஷனில் வண்டி நிற்கிற சில நிமிஷத்துக்குள் பிளாட்பாரத்தில் நீங்கள் பார்க்காத நாடகம் உண்டா? மகளைப் புக்ககத்துக்கு அனுப்புகிறவன் மூன்று மணி நேரமா அழுகிறான்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். “இருந்தாலும் சார்…” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘இருந்தாலும்’தான் நம்முடைய நடுத்தர வர்க்கத்து ரசனை முழுவதும்.

இத்தனைக்கும் அந்த ஊர்க்காரருக்கு இந்த விஷயத்தில் தனி உரிமை உண்டு. அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் இருப்புப் பாதையில் மகேந்திரவாடி என்று ஒரு சிறு நிலையம் இருக்கிறது. அந்த ஊரில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான். கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதினவன். வடமொழியில் எழுதிய, ஒரே அங்கத்தில் முடிகிற நாடகம். கதை நடக்கும் ஊர் காஞ்சிபுரம். அரக்கோணத்துக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். குடிகாரக் கபாலி ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். ஒரு பௌத்தத் துறவிதான் திருடினான் என்று அவனைப் பிடித்துக்கொள்கிறான். சமரசம் செய்ய ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் அந்தக் கபாலம் நாயின் வாயிலிருந்து ஒரு பைத்தியக்காரனிடம் போய்ச் சேர்ந்திருப்பது தெரிகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் மதத்தின் பெயரால் பிழைக்கிற யாரும் அதில் தப்பவில்லை. நாட்டை ஆளுகிற ஒருவன் தன் தலைநகரத்துச் சாமியார்களை இப்படி எழுதியிருக்கிறான். இன்றைக்கு ஒரு மந்திரி அப்படி எழுதுவாரா? 1917-இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அதை அச்சிட்டார். கேரளத்துச் சாக்கியார்கள் அதைக் கோயில்களில் கைவிடாமல் ஆடி வந்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களும் அரக்கோணத்துக்காரர்களும் பட்டு வாங்கவும் ரயில் மாறவும் போய் வந்துகொண்டிருந்தோம்.

ஆகவே ‘ஓரங்கம் மேல்நாட்டுச் சரக்கு’ என்று யாரும் சொல்ல வேண்டாம். வடமொழி நாடக இலக்கணம் பத்து வகை ரூபகங்களில் பாணம், வியாயோகம், வீதி என்று பலவற்றை ஓரங்கத்துக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. மேல்நாட்டிலும் பெரிய கைகள் இதைச் சின்ன வேலையாக நினைக்கவில்லை. செகாவின் ஒரு குறுநாடகத்தில் பக்கத்துப் பண்ணைக்காரன் பெண் கேட்க வருகிறான். கேட்பதற்கு முன்பே ஒரு துண்டு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று பெண்ணோடு சண்டை வந்துவிடுகிறது. அது தீர்ந்ததும் யார் நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. சண்டையின் நடுவிலேயே நிச்சயதார்த்தம்; நிச்சயமான பிறகும் சண்டை நிற்கவில்லை. சோளிங்கரில் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வரியும் விளக்க வேண்டியதில்லை. அயர்லாந்தின் சிங் 1904-இல் மேடையேற்றிய ‘கடலை நோக்கிச் செல்வோர்’ நாடகத்தில், கடலுக்கு வரிசையாகப் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு கிழவி கடைசிப் பிள்ளையையும் கொடுக்கிறாள். இனிக் கடல் தன்னிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை என்கிற விடுதலை அவளுக்கு வருகிறது. அரை மணிக்குள் நடக்கிறது எல்லாம். இதை மூன்று அங்கமாக நீட்டியிருந்தால் அழுகை பெருகியிருக்கும். அந்தக் கொடுமையான அமைதி வந்திருக்காது.

இதில் ரசனையைத் தவிர வேறொரு காரியமும் இருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் கசடு தேக்கும் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் படுத்திருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2019-இல் புது மாவட்டம் பிரித்தபோது அரக்கோணமும் அந்த ராணிப்பேட்டையோடுதான் சேர்ந்தது. அந்த இரவைப் பற்றி ஒரு நாவலாசிரியன் எழுத உட்கார்ந்தால் ஐந்து வருஷம் ஆகும். என் தொழிலை எனக்குத் தெரியும். சினிமா எடுத்தால் பத்துப் பேரில் ஒருவனுக்குக் காதலி வேண்டும். அந்த மாதத்திலேயே, அந்த ஆலை வாசலிலேயே போய் நிற்கக்கூடிய கலை வடிவம் ஒன்றுதான் இருக்கிறது.

நிற்க முடியும் என்பதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. டில்லிக்குப் பக்கத்தில் காஜியாபாதில் ஒரு தொழிற்சாலை. சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர் குடிக்க ஓர் இடமும் கேட்டார்கள் தொழிலாளர்கள். துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு பேர் செத்தார்கள். அதிலிருந்து பிறந்தது 1978-இல் ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் ‘மெஷின்’ நாடகம். மேடை கிடையாது, திரை கிடையாது. நடிகர்களின் உடம்புகளே சேர்ந்து யந்திரம் ஆகும். மொத்தம் பதின்மூன்று நிமிஷம். அந்தக் குழுவின் சப்தர் ஹாஷ்மியை 1989 ஜனவரி 1-ஆம் தேதி சாஹிபாபாதில் ஒரு வீதி நாடகத்தின் நடுவில் அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். 4-ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நின்றுபோன நாடகத்தை ஆடி முடித்தார். ‘விட்ட இடத்திலிருந்து தொடரும்’ என்ற வார்த்தைக்கு அங்கே அர்த்தம் இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா சமாசாரத்துக்காக யாரும் யாரையும் கொல்வதில்லை.

தமிழிலும் கை ஓய்ந்திருக்கவில்லை. 1977-இல் முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னையில் ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம். 1984-இல் பிரளயன் முதலியோரின் சென்னைக் கலைக்குழு. கே. ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ நாடகத்தில், ஊர் கேட்கும் பலி மேலிருந்து கீழே கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரு தலித் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. அதைப் படித்துவிட்டு இரவு சாப்பாட்டுக்கு உட்காருவது எளிதல்ல. முத்துசாமியும் பிரபஞ்சனும் 2018-இல் இரண்டு மாத இடைவெளியில் காலமானார்கள். அப்போது உருகி உருகி இரங்கல் சொன்ன வாசகர்களில் பாதிப் பேர் நாடகம் ஒன்று வாங்கியிருந்தால் பதிப்பாளர்கள் மறுபதிப்புக்குத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

நவீன நாடகக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. கறுப்பு உடுத்தி, முகத்தில் வெள்ளை பூசி, தரையில் உருண்டு, ‘ஓ’ என்று கூவி, புரியவில்லை என்றவனைப் பாமரன் என்று பார்த்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரட்டின ரசிகர்கள் ஏராளம். ஆனால் மோசமான நாவல்கள் எத்தனையோ வருகின்றன. அதற்காக நீங்கள் நாவலை விட்டுவிட்டீர்களா? ஒன்றைக் கீழே போட்டு இன்னொன்றை எடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் இந்தப் பக்கமும் வரட்டும் என்கிறேன்.

சிறுகதை ரசிக்கத் தெரிந்தவருக்கு இது புது வித்தையும் அல்ல. சொல்லாமல் விட்டதைக் கேட்கிற காது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரங்கம் இல்லை, குழு இல்லை, அரக்கோணத்துக்கு யார் வந்து ஆடப் போகிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நான்கு பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். நடிக்க வேண்டாம், நடிக்க ஆரம்பித்தால் அத்தை சிரித்துவிடுவாள். முதலில் செகாவை எடுங்கள், வாய் பழகும். பிறகு ‘முட்டை’, அதன் பிறகு ‘பலி ஆடுகள்’. அடைப்புக்குறிக்குள் இருக்கிற மேடைக் குறிப்புகளைப் படிப்பதற்கென்றே ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ‘மௌனம்’ என்று போட்டிருந்தால் அதை வாயால் சொல்லிவிட்டு ஓடாமல், எல்லாரும் அந்த நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்போது வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போகக் கூடாது.