1,000 அடி போர் போட்டும் தண்ணீர் வராதது ஏன்?

"பக்கத்து தோட்டத்துல 300 அடியிலேயே தண்ணி வந்துச்சு. நமக்கு 1,000 அடி போயும் வெறும் புகைதான்." கொங்கு மண்டலத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கடன் வாங்கிப் போட்ட போர் என்றால், தண்ணீர் வராவிட்டாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும். இதில் ராசி எதுவும் இல்லை. எல்லாம் பாறை விரிசல்களின் கணக்கு.

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறதா?

இல்லை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. விரிசல் இல்லாத கிரானைட் தண்ணீரைத் தேக்குவதும் இல்லை, விடுவதும் இல்லை என்றே சொல்லலாம். மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்குதான் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் நகர்வது விரிசல்கள் வழியாக மட்டுமே. ஆறு அங்குலத் துளை அதில் பட்டால் தண்ணீர். சில அடி தள்ளிப் போனால் புகை.

விரிசல் கிடைத்தால் போதுமா?

போதாது. அழுத்தம் அதேதான் என்றாலும், 1 மில்லிமீட்டர் விரிசலைவிட 2 மில்லிமீட்டர் விரிசலில் 8 மடங்கு தண்ணீர் பாயும். அந்த விரிசல் மற்ற விரிசல்களோடு இணைந்து, மேலடுக்கு வரை தொடரவும் வேண்டும். ஆழம் கூடக் கூட, மேலே உள்ள பாறையின் எடை அழுத்துவதால் விரிசல்கள் பொதுவாகக் குறுகிவிடும். 'இன்னும் 200 அடி போய்ப் பார்ப்போம்' என்பது பல நேரம் வீண் செலவாவது இதனால்தான்.

கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா?

ஓரளவு. எல்லா விரிசலையும் யாராலும் பார்க்க முடியாது. பாறை முகப்புகளிலும் ஆழ்துளைகளிலும் விரிசல்களின் திசை, நீளம், நெருக்கம், அகலத்தை அளக்கிறார்கள். அதை வைத்து, இப்படி இருக்கலாம் என்று பல விரிசல் வலைகளை கம்ப்யூட்டரில் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் நீர் எப்படி ஓடும் என்று கணக்கிடுகிறார்கள். பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்க 400 மீட்டருக்கும் கீழே குடையப்பட்ட ஓன்கலோ சுரங்கத்திலும் இந்த முறைதான் பயன்பட்டது.

நமக்கு என்ன குறை?

தரவு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்த்தாங்கி வரைபடங்களைத் தயாரிக்கிறது. ஆனால், ஒரு தோட்டத்துக்குள் எங்கே துளையிடலாம் என்று சொல்லும் அளவுக்கு அவை நுணுக்கமானவை அல்ல. அதற்கு உதவும் தகவல் ஒவ்வொரு போர் போடும்போதும் கிடைக்கிறது. கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, எந்த ஆழத்தில் ஈரம் தட்டியது, எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதெல்லாம் ரிக் லாரியோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

தோற்ற போரின் விவரமும் பக்கத்துத் தோட்டக்காரரின் பணத்தைக் காப்பாற்றும். ரிக் வண்டிகள் இவற்றைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி, ஊர்வாரியாக யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒரே விரிசல் வலையில் இரண்டு போர் இறங்கினால் ஒன்று வற்றக்கூடும். அதைக் கடன் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது விவசாயியின் உரிமை.