அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!

 

இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. ஆங்கிலமே படிக்காதவர்கள்கூட தினம் நாலு தடவை சொல்லும் சொல்: அட்ஜஸ்ட்.

கடலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், நகர்ந்து உட்காருங்கள் என்று பொருள். பெரிய மார்க்கெட்டில் சில்லறை இல்லாதபோது சொன்னால், பாக்கி இரண்டு ரூபாயை மறந்துவிடுங்கள். நண்பர் சொன்னால், கைமாற்றாக ஆயிரம் கொடு. மாசக் கடைசியில் வீட்டில் சொன்னால், இருப்பதை வைத்துச் சமாளி. சினிமாவில் வாய்ப்புத் தேடிப் போகும் பெண்ணிடம் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். 2024-ல் வெளிவந்த கேரளத்து ஹேமா கமிட்டி அறிக்கையிலேயே அந்தச் சொல் பதிவாகியிருக்கிறது.

இது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'அஜுஸ்தே' தெரியும். பொருந்தும்படி சரிசெய்வது. உடம்புக்குக் கச்சிதமாகத் தைத்த சட்டைக்கும் அங்கே இதே சொல்தான். தையற்காரர் துணியைத்தான் பிடித்துத் தைப்பார்; உடம்பைக் குறைத்துக்கொண்டு வா என்று சொல்லமாட்டார். ஸ்கூட்டர் கண்ணாடியை நம் பார்வைக்கு ஏற்பத் திருப்புகிறோம். புது ஊருக்கு ஒருவர் அட்ஜஸ்ட் ஆவதும் ஆங்கிலத்தில் உண்டு. அது அவரே மெல்லப் பழகிக்கொள்வது.

தமிழுக்கு வந்தபோது 'பண்ணிக்கோ' ஒட்டிக்கொண்டது. 'கொள்' என்ற துணைவினை, செயலைச் செய்பவர் மேலேயே திருப்பிவிடும். கண்ணாடி அப்படியே இருக்கும். நீ கழுத்தை வளைத்துக்கொள் என்றாகிவிட்டது.

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. விட்டுக்கொடுப்பது, பொறுத்துக்கொள்வது, அடங்கிப்போவது. விட்டுக்கொடுப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. பொறுத்துக்கொள்பவருக்கு இது ஒரு நாள் தீரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அடங்கிப்போவது பயத்தால். இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது அட்ஜஸ்ட்.

என்னிடம் படித்த பெண்கள் சிலர் கல்யாணத்துக்குப் பிறகு போன் செய்து அழுதிருக்கிறார்கள். "அவர் கை நீட்டுறார் மிஸ். அம்மாகிட்ட சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கறாங்க." அதே அம்மாவிடம், "அடி வாங்கிக்கொண்டே இரு" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பெற்ற வாய்க்கு வருமா? வராது. சொல்லக் கூசுவதைக் கூசாமல் சொல்ல உதவுகிறது இந்த ஆங்கிலச் சொல். அதனால்தான் இது எனக்கு ஆகவில்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. வசவு, அவமானம், கைச்செலவுக்குக் காசு தராமல் வைப்பது, எல்லாவற்றையும் வன்முறை என்கிறது. புகுந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் தாராளமாக அட்ஜஸ்ட் பண்ணுங்கள்; நாலு பேர் உட்காரட்டும். ஆனால் மகளிடமோ மருமகளிடமோ அந்தச் சொல் வாயில் வரும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால், மாற வேண்டியவர் அவள் இல்லை.

எல்லாரும் நன்றாக இருங்கள், பிள்ளைகளே.