"காயில் போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்

போன வாரம் போட்ட வேப்பம்பூ ரசம் பதிவுக்கு வந்த லைக்கில் பாதியாவது இதற்கு வருமா தெரியாது. ஆனாலும் எழுதியே ஆகவேண்டும். விஷயம் பேஸ் கிட்டார். சிரிக்காதீர்கள். நான் இடைநிலை ஆசிரியர் பட்டயம் படித்து, ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்தியவன். கிட்டாரில் 'ச' எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதற்குள்ளே இருக்கும் பாடத்தை மட்டும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என் தங்கை பேரன் இரண்டு மாதம் முன்பு ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கினான். பதினோராயிரம் ரூபாய். விற்றவர் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினாராம், இவன் பணம் அனுப்பினானாம். வந்து சேர்ந்ததும் ஆம்பில் மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை. கேபிளை அசைத்தால் 'டர்ர்' என்று ஒரு உறுமல், பிறகு மௌனம். "தாத்தா, பிக்கப் காயில் போயிடுச்சுன்னு ஃப்ரெண்டு சொல்றான், புது பிக்கப் ஆர்டர் போடட்டுமா?" என்று கம்மாபுரத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தோம். கேபிள் செருகும் ஜாக்கில் ஈயம் விட்டுப்போய் ஒரு வயர் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சால்டரிங் அயனைத் தேடி எடுக்க அரை மணி நேரம், பற்ற வைக்க ஐந்து நிமிடம். மாட்டினான், தட்டினான், வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவன் பாட்டி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பையன் குதித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பிக்கப் என்றால் என்ன என்று பார்ப்போம். எட்டாம் வகுப்பில் அட்டைக் குழாயில் செம்புக் கம்பி சுற்றி, காந்தத்தை உள்ளே வெளியே அசைத்து, கால்வனாமீட்டர் முள் ஆடுவதைப் பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? 1831ல் ஃபாரடே கண்டது. பிக்கப்பும் அதுவேதான். ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி எட்டாயிரம், பத்தாயிரம் சுற்று. அங்கே காந்தத்தை அசைத்தோம். இங்கே காந்தம் சும்மா இருக்கிறது, அதன் மேலே இருக்கும் எஃகுத் தந்தி அதிர்கிறது. காந்தப் புலம் மாறுகிறது, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. நைலான் தந்தி மாட்டினால் ஆண்டவனே வந்து வாசித்தாலும் இதில் சத்தம் வராது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951ல் ப்ரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். இளையராஜா பாட்டில் சசிதரனும், ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸும் நம் நெஞ்சில் தட்டியது இந்தச் செம்புச் சுருளின் வழியாகத்தான்.

சரி, எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

2020ல் கொரோனா வந்தபோது திருவிழா எல்லாம் நின்றுபோனது. விருத்தாசலம் மாசி மகம், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் பங்குனி உத்திரம் என்று மேடை மேடையாக வாசித்துப் பிழைத்த மெல்லிசைக் குழுப் பிள்ளைகளுக்கு வருமானமே இல்லை. அதில் ஒருவன் என் மாணவன். பேர் சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படிப்பான். அவனுடைய பேஸ் கிட்டாரில் சத்தம் விட்டு விட்டு வந்தது. ஒரு ஊரில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். கடைக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல், "ரெண்டு பிக்கப்பும் காயில் போச்சு, மரத்துக்கு வேணா மூவாயிரத்து ஐநூறு தர்றேன்" என்றாராம். அங்கிருந்தே எனக்கு போன் செய்தான். "சார், நீங்க சயின்ஸ் சார். காயில் அறுந்தா ஒண்ணும் பண்ண முடியாதா சார்?"

நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "பத்தாயிரம் சுத்து சுத்தின கம்பிப்பா, நடுவுல அறுந்தா எங்கன்னு தேடுவே? கொடுத்துட்டு வா."

கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இரண்டு பிக்கப்பும் ஒரே நாளில் எப்படி அறுக்கும்? இரண்டும் தனித்தனிச் சுருள். இரண்டுக்கும் பொதுவானது ஜாக்கும் அதற்குப் போகும் வயரும்தான். கேபிளை அசைத்தால் சத்தம் வந்து வந்து போகிறது என்றால் குற்றவாளி அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் பேட்டரியும் இரண்டு பல்பும் கொடுத்து, இரண்டும் எரியவில்லை என்றால் எதை முதலில் பார்ப்பாய் என்று கேட்டால் 'வயரை' என்று சொல்லும். நானே அப்படிக் கேட்டு மார்க் போட்டவன். தங்கை பேரனின் கிட்டாரை மூடும்போது இதெல்லாம் வரிசையாக ஓடியது. இவனுக்கு ஆன வேலைக்கு ஜாக்கையே மாற்றியிருந்தாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். பழைய கிட்டார் வாங்கும்போதும் விற்கும்போதும் மூடியைத் திறக்காமல் விலை பேசக்கூடாது. இரண்டு பேரும் பார்க்கத் திறக்கவேண்டும். "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பவரிடம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் போதும். பேட்டரி இல்லாத சாதா பேஸ் என்றால் திறக்காமலே பாதி தெரிந்துவிடும். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முள்ளை வையுங்கள், 20 கிலோ ஓம் அளவில். ஜாஸ் பேஸ் வகை என்றால் ஒரு வால்யூமை முழுதாக ஏற்றி மற்றதை இறக்கினால் 7, 8 கிலோ ஓம் காட்டும். இரண்டையும் ஏற்றினால் ஏறக்குறைய பாதி காட்டும். ஏன் பாதி? பக்க இணைப்பு! நடத்தினேனே. ப்ரிசிஷன் வகையில் ஒரே பிக்கப், 10, 11 வரும். கேபிளை ஆட்டும்போது எண் குதித்தால் ஜாக்கோ கேபிளோ. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அப்போதும் "காயில்" என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே திறந்து பிக்கப்பின் இரண்டு வயரிலும் நேராக வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால்தான் சுருள் அறுந்தது.

மீட்டர் இல்லையா? ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பின் மேல் மெல்லத் தட்டுங்கள். 'டக் டக்' கேட்டால் உயிர் இருக்கிறது.

உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடும் வகைக்கு இந்த மீட்டர் கணக்கு செல்லாது. அதற்கு முதல் மருந்து புது பேட்டரிதான். சத்தம் கரகரத்து மெலிந்தால் பெரும்பாலும் அதுதான். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசு. கான்டாக்ட் க்ளீனர் அடித்து நாலு தடவை திருப்பினால் அநேகமாகச் சரியாகும். இதற்கெல்லாம் யாராவது இரண்டாயிரம் விலை குறைத்தால் சண்டை போடுங்கள்.

வீடியோவைப் பார்த்து வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று. பேஸின் தடித்த தந்தி, திறந்து தட்டினால், நொடிக்கு 41 அதிர்வு. உங்கள் போன் ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியைக் கொடுக்கவே முடியாது. நீங்கள் கேட்பது மேலே உள்ள கிளை ஒலிகளைத்தான். கிட்டாரின் தலையில் ஒட்டியிருக்கும் பேரையும் நம்பவேண்டாம், ஸ்டிக்கர் யாரும் அடிக்கலாம். பிக்கப் மட்டும் தனியாக வாங்குகிறவர்கள் அளவெடுத்து வாங்குங்கள். ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கத்து பிக்கப், பிரிட்ஜ் பக்கத்ததைவிடச் சற்றே குட்டை. மாற்றி வாங்கிவிட்டு மரத்தைச் செதுக்கிய ஒரு மேதாவியை எனக்குத் தெரியும், என் சொந்தக்காரன்தான்.

'உம்ம்' என்ற இரைச்சல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தந்தியைத் தொட்டதும் அது குறைந்தால் பயமில்லை, இயல்பு. ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமை இறக்கினால் இரைந்து, இரண்டையும் ஏற்றினால் அடங்குவதும் பழுதில்லை. ஆனால் தந்தியைத் தொடும்போது கையில் 'சுர்' என்றால், அந்த நிமிடமே வாசிப்பதை நிறுத்துங்கள். அது ஆம்ப்பிலோ ப்ளக்கிலோ எர்த் கோளாறு. மேடையில் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1972ல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ ஊரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாததுதான் காரணம். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

என் மாணவனுக்குப் போன ஞாயிறு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விடுங்க சார், அன்னைக்கு அரிசி வாங்கணும், நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் வித்திருப்பேன்" என்றான். எனக்காகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா, தெரியவில்லை. இப்போது கல்யாணக் கச்சேரிக்கு வேறொருவர் கிட்டாரை நாள் வாடகைக்கு எடுத்து வாசிக்கிறான்.

யார் வீட்டுப் பரணிலாவது "காயில் போன" பேஸ் கிட்டார் கிடந்தால் கம்மாபுரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருப்பேன். மீட்டர் இருக்கிறது, ஈயம் இருக்கிறது, காசு வேண்டாம். வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.